பச்சைக் கட்டம்

வாஷிங் மெஷின் திடீரென்று பீப் பீப்பென்று கத்துகிறது. ஈரத் துணியை வாளியில் அள்ளிக்கொண்டே மனைவி, கணவன் போடும் அட்டவணையை எட்டிப் பார்க்கிறாள். அவளுடைய பிரமோஷன் பரீட்சைக்கு இன்னும் நாற்பதே நாள். படிக்கத் தினம் ஒரு மணி நேரம் வேண்டும் என்று அவள்தான் கேட்டிருந்தாள். கம்பெனிகளில் நேர நிர்வாகம் பற்றி வகுப்பெடுக்கிற கணவன், ஞாயிறு மதிய வெயில் விழும் சாப்பாட்டு மேசையில் ஸ்கேலும் ஸ்கெட்ச் பேனாக்களுமாக உட்கார்ந்திருக்கிறான். அவளுடைய வரிசையில் சமையல், பிள்ளைகள், பஸ், ஆபீஸ், பாத்திரம் என்று சிவப்புக் கட்டங்கள் மூச்சு முட்ட நிற்கின்றன. அவனுடைய வரிசையில் மாலை ஆறுக்குக் கீழே வெள்ளைத் தாள் அப்படியே கிடக்கிறது.

“சாயங்காலம் பிள்ளைங்க வீட்டுப்பாடத்தை நீங்க பாத்துக்கிட்டா...”

“அது என் ரிலாக்ஸ் டைம்மா. கத்திக் கத்தித் தொண்டத்தண்ணி வத்திப்போய் வர்றேன்.”

ஏற்கெனவே பிழிந்து வந்த அவன் சட்டையை அவள் மறுபடியும் முறுக்குகிறாள். பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தவன், அவள் எழுந்திருக்கும் விடிகாலை நாலரைக் கட்டத்துக்கும் மேலே புதிதாக ஒரு கட்டம் போட்டு, கோடு தாண்டாமல் பச்சை அடிக்கிறான்.

“பாத்தியா, மனசு வெச்சா நேரம் தானா கிடைக்கும். மூணரைக்கு அலாரம் வெச்சுக்கோ. சத்தத்தை மட்டும் கொறச்சு வை, எனக்குத் தூக்கம் கெட்டுடும்.”