ஒன்பதில் ஒன்று

"தினமும் ஜவ்வரிசிக் கிச்சடி, அதுவும் வேர்க்கடலை போடாம! உங்காத்துல வருஷம் பூரா உபவாசமா, ரோஹிணி?"

வடக்கே ஔந்த் பகுதிப் பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சியில், அத்தனை பேர் நடுவில் பாமா மாமி கேட்டாள். பக்கத்து ஃப்ளாட். அடுத்த வீட்டுக் குழந்தை என்ன சாப்பிட்டது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"மெதுவா பேசுங்கோ மாமி. ப்ரியா சொல்லிண்டிருக்கா."

ரோஹிணியின் பத்து வயது மகள் ப்ரியம்வதா மேஜையில் பால், பருப்பு, பனீர், சோயா எல்லாம் பரப்பி, நடுவருக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது அமினோ அமிலங்களை மனித உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும், அவை இல்லாமல் வளர்ச்சியே கிடையாது என்று சொல்லி, ஒன்பது பெயரையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். ரோஹிணிக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமிக்குத்தான் பொறுக்கவில்லை. "பேச்செல்லாம் நன்னாத்தான் இருக்கு. ஆத்துல பால் உண்டா, பருப்பு உண்டா? ஏதோ பவுடரைக் கரைச்சுக் குடுக்கறே. சாதத்தைக்கூட தராசுல வெச்சு நிறுக்கறே, நானே பார்த்தேன். பொண் குழந்தைன்னா அவ்வளவு இளப்பமா? நடுவர் டாக்டராம், தமிழராம். இப்பவே கேட்டுடறேன்!"

ரோஹிணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் மாமி, ப்ளீஸ். ரெண்டு மாசமா உழைச்சிருக்கா. இன்னிக்கு ஒருநாள் அவ ஜெயிக்கட்டும்."

மாமி கையை உதறிக்கொண்டு போய்விட்டாள். "டாக்டர் சார், இந்த மேஜையில இருக்கறதுல ஒண்ணைக்கூட இந்தக் குழந்தைக்கு ஆத்துல குடுக்கறதில்லை. அவ அம்மாவைக் கொஞ்சம் கேளுங்கோ!"

கூட்டம் ரோஹிணியைத் திரும்பிப் பார்த்தது. அவள் தலை கவிழ்ந்தது.

நடுவர் டாக்டர் பத்ரி ப்ரியாவிடம் குனிந்தார். "நிஜமாம்மா?"

"நிஜம்தான், அங்கிள்." ப்ரியா தடுமாறிய தமிழில், ஆனால் நிமிர்ந்து நின்று சொன்னாள். "இந்த ஒன்பதுல ஃபினைல்அலனின்னு ஒண்ணு இருக்கே, அதை என் பாடியால உடைக்க முடியாது. பிறந்ததுலேர்ந்தே அப்படித்தான். அது ஜாஸ்தி சேர்ந்தா மூளை கெட்டுடும். இந்த மேஜையில இருக்கற எல்லாத்துலயும் அது ஜாஸ்தி; மத்த எட்டும் எனக்கு நான் குடிக்கற பவுடர்லேர்ந்துதான் வரது. பரிசு குடுக்கறதா இருந்தா அம்மாகிட்ட குடுங்கோ. பத்து வருஷமா அவ கிராம் கணக்கா நிறுத்துப் போடலேன்னா, எனக்கு இன்னிக்கு 'அம்மா'ன்னுகூடச் சொல்லத் தெரிஞ்சிருக்காது."