நாலு நாளைக்கான நிறம்

அந்தச் சுவிஸ் கடைக்காரிக்கு நிறம் என்றால் என்னவென்றே தெரியாது என்று றஜிதா முடிவு கட்டிவிட்டாள்.

ஒரு கையில் ஸ்பொஞ், மறு கையில் கைபேசி. முன்னால் கதிரையில் கண்ணை மூடியபடி ஒரு மணப்பெண். பக்கத்தில் அந்தப் பெண்ணின் தாய்.

கைபேசியில் கிருஷாந்தினி முகப்பூச்சு ரியூப் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். போன வருடம் இதே பார்லரில் அலங்காரம் செய்து மணவறைக்குப் போய், இப்போது சுவிஸில் பேர்ண் நகரத்தில் குடியிருக்கிற பிள்ளை. இங்கிருந்து கொண்டுபோன பவுண்டேசன் முடியப் போகிறதாம். கடைக்குப் போனாளாம். அங்கே நின்றவள் இவளுடைய தாடையோரம் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, உனக்கு இதுதான் பொருத்தம் என்று எடுத்துக் கொடுத்தாளாம்.

படத்திலிருந்தது பால் குறைத்து ஊற்றிய தேத்தண்ணியின் நிறம்.

றஜிதாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பதினொரு வருடமாகக் கல்லடியில் பார்லர் நடத்துகிறாள். புளியந்தீவிலிருந்து வருகிறார்கள், கரடியனாற்றிலிருந்து வான் பிடித்து வருகிறார்கள். அவள் கைபட்ட ஒரு பெண்ணாவது மேடையில் கறுப்பாய்த் தெரிந்தாள் என்று யாராவது சொல்லட்டும், அன்றைக்கே கதவை இழுத்துப் பூட்டிவிடுவாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசம்?

கிருஷாந்தினியின் தாய் இரண்டு படி வெள்ளையாகப் போடச் சொன்னார். றஜிதா மூன்று படி போட்டாள். மணவறைக்கு வந்தபோது சொந்தச் சித்தியே இது யார் என்று கேட்டார். அந்தக் கதையை வருகிற பெண்களுக்கெல்லாம் றஜிதா சொல்லுவாள்.

மாப்பிள்ளை துசாந்தன் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதும் படத்தைப் பார்த்துத்தான். அந்தப் படத்துக்கும் முகம் போட்டது றஜிதாதான். பதினெட்டு நாள் லீவில் வந்தான். பதினெட்டு நாளும் விருந்தும் கோயிலும் படமெடுப்பும். விடிந்தால் பிள்ளை பார்லருக்கு வந்துவிடுவாள். அவன் போன பிறகு விசா வர எட்டு மாதம் எடுத்தது. நாள் தவறாமல் வீடியோவில் பேச்சு. மாதத்துக்கு இரண்டு ரியூப் வாங்கிக்கொண்டு போவாள். நல்ல வாடிக்கை என்று றஜிதா சந்தோஷப்பட்டாள்.

விமானம் ஏறும்போது எட்டு ரியூப் கொண்டுபோனாள். மூன்று மாதம்தான், முடியப் போகிறதாம்.

இதற்கு முதலும் அந்த நாட்டில் வாங்கியது ஒன்றும் சரிவரவில்லை. வெள்ளைக்காரிகளுக்கு விற்கிறதை வாங்கி மஞ்சள் கலந்த ஒன்றோடு குழைத்துப் போடு என்று றஜிதா சொல்லிப் பார்த்தாள். முகம் சாம்பல் பூசியது போல வந்தது. வேறொன்று பப்பாசிப் பழமாக்கியது. மூன்றாவது தோலைக் கடித்தது. தெருவுக்குத் தெரு கடை வைத்திருக்கிற நாட்டில் ஒரு பிள்ளைக்கு ஏற்ற ரியூப் இல்லையென்றால், அது என்ன நாடு என்று றஜிதா வாய்விட்டே திட்டினாள். இன்றைக்கே பார்சல் போட்டாலும் போய்ச்சேர மூன்று கிழமை ஆகும். பிள்ளையிடம் மிச்சமிருந்தது நாலு நாளைக்குத்தான்.

எரிச்சல் பிள்ளையின் பக்கமும் திரும்பியது. மற்றவர்களுக்கு இரண்டு மாதம் போகிற ரியூப் இவளுக்குப் பத்து நாளில் முடிகிறதே. சுவருக்கா பூசுகிறாள்?

றஜிதா கைபேசியை வாயருகே பிடித்தாள். “நாலு நாள் முடிஞ்சா வெறும் முகத்தோட இருந்தா என்னகா, ஆரு பாக்கப் போற?”

பதில் உடனே வந்தது. குரல் தாழ்ந்திருந்தது.

“அவர்தான் அக்கா. அவர் இன்னும் என்ட முகத்தப் பாக்கல்ல.”

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். அவன் ஆறு மணிக்கு எழும்புவான், இவள் ஐந்துக்கே எழும்பிக் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொள்வாளாம். முகம், கழுத்து, மணிக்கட்டு வரைக்கும் கை. குளிர் நாடு என்பதால் மற்றதைக் கம்பளிச் சட்டை மூடிவிடும். லைட்டை அணைத்த பிறகுதான் கழுவுவாளாம். ஒருநாள் காய்ச்சல் வந்தபோதும் பூசிக்கொண்டுதான் படுத்திருந்தாளாம்.

றஜிதாவுக்கு யாரையாவது ஏச வேண்டும் போலிருந்தது. துசாந்தனை ஏசலாம், படத்தைக் காட்டிப் பெண் கொடுத்த தாயை ஏசலாம். கடைக்காரியை மட்டும் இனி ஏச முடியாது. அவள் எடுத்துக் கொடுத்த நிறம் சரி. கழுவிய முகத்தோடு முதல் நாள் இந்தப் பார்லருக்குள் வந்த பிள்ளையின் நிறம் அச்சாக அதுதான். படத்தைப் பார்த்த கணமே றஜிதாவுக்கு அது தெரியும். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். றஜிதா பதினொரு வருடமாக மறைத்துக்கொண்டிருந்தாள், ஊரும் நின்று கைதட்டியது. உள்ள முகத்தைக் காட்டு என்று இப்போது அந்தப் பிள்ளைக்குச் சொல்ல அவளுக்கு என்ன வாய் இருக்கிறது? பதில் எழுதப் போனாள். பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

பக்கத்திலிருந்த தாய் நேரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் நல்ல வெள்ளை, இன்னொரு பூச்சுப் போட்டால் நல்லது என்றார். மாப்பிள்ளை நோர்வேயாம். இரண்டு கிழமை லீவாம்.

றஜிதா ஸ்பொஞ்சைக் கீழே வைத்தாள். இத்தனை வருடத்தில் நிறத்தைச் சொன்னதெல்லாம் தாய்மார்தான், கதிரையில் இருந்தவளிடம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைக்குக் குனிந்து அந்தப் பெண்ணின் காதோரம் கேட்டாள், உனக்கு என்ன நிறம் வேணும் என்று.

பெண் கண்ணைத் திறந்து தாயைப் பார்த்தாள்.