ஒரே ஒரு ஆட்சேபனை

"இந்த இடத்துல மட்டும் பார்க்கிங் வரவே கூடாது மேடம். சொல்லிட்டேன்!"

அளவு நாடாவின் ஒரு முனையை வேலிக் கம்பத்தில் மாட்டிக்கொண்டிருந்த இன்ஜினியர் திரும்பிப் பார்த்தாள். சாலையோரத்துக் கார்களில் ஒன்றிலிருந்து இறங்கி, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வேகவேகமாக வந்து நின்றார் ஒரு பெரியவர்.

குன்றின் அடிவாரம் அது. ஞாயிற்றுக்கிழமையானால் ஏறவும் நடக்கவும் ஊரே திரண்டு வந்துவிடும். வண்டி நிறுத்தத்தான் இடமில்லை. குறுகிய சாலையின் இரண்டு ஓரமும் கார்கள் அடைத்துக்கொள்ள, நடுவில் ஒரு சைக்கிள் நுழைவதே பெரும்பாடு. அபராதம் கட்டி அலுத்தவர்கள் மனு மேல் மனு போட்டதில், பக்கத்துத் தரிசு நிலத்தை வாகன நிறுத்தமாக்க ஒருவழியாக முடிவாகியிருந்தது. வருகிறவர்களுக்கு ஆட்சேபனை உண்டா என்று கேட்டு, அவள் இன்றே அறிக்கை கொடுக்க வேண்டும். கேட்ட எல்லாரும், 'எப்பம்மா திறப்பீங்க?' என்று கையெடுத்துக் கும்பிடாத குறை. வேண்டாம் என்று வந்து நின்ற முதல் ஆள் இவர்தான்.

"ஏன் சார் வேணாம்கறீங்க?"

"மரமெல்லாம் போயிடுமே!"

அவள் சுற்றிலும் பார்த்தாள். "இங்க ஏது சார் மரம்? முள்ளுச்செடிதான் இருக்கு."

"செடின்னா மட்டமா? குருவி கூடு கட்டியிருக்கும்."

"ஒரு கூடும் இல்ல. குனிஞ்சு பார்த்துட்டேன். கையெல்லாம் கீறல், பாருங்க."

"சரி, மழை பெஞ்சா? தண்ணி தேங்கிடும். அப்புறம் இங்க படகுதான் நிறுத்தணும்."

"வடிகால் வெட்டறோம் சார்."

பெரியவர் அடுத்த காரணத்தைத் தேடித் தரிசு நிலம் முழுக்கக் கண்ணை ஓட்டினார்.

அதற்குள் சாலை வளைவில் விசில் கேட்டது. "ஒரு நிமிஷம்மா, இதோ வந்துட்டேன்" என்று ஓட்டமும் நடையுமாகப் போய்க் காரில் ஏறி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆளில்லாத கார்களின் கண்ணாடியில் அபராதச் சீட்டு ஒட்டிக்கொண்டே வந்த காக்கிச் சட்டைக்காரர், இவரைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்ன சார், வண்டியை எடுத்துடுவீங்கதானே?"

"இதோ, கிளம்பிட்டே இருக்கேன்."

"போன வாரமும் இப்படித்தான் கிளம்பிட்டே இருந்தீங்க!" என்றபடி அவர் அடுத்த காருக்கு நகர்ந்தார்.

இன்ஜினியருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கார் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தாள்.

"நல்லா இருக்கு சார் நியாயம்! நிறுத்தக் கூடாத இடத்துல நீங்களே நிறுத்திட்டு, பார்க்கிங்கும் வேணாம்கறீங்க. காசு வாங்குவோம்னு பயமா? இலவசம்தான்."

"காசு கிடக்கட்டும்மா."

"மலை ஏறலையா நீங்க?"

"முட்டி ஒத்துக்காது. பையன், மருமக, பேத்தி ஏறியிருக்காங்க. வர்ற நேரம்தான்." பேசும்போதே அவர் கண் மலைப்பாதையில் இருந்தது. பக்கத்து இருக்கையில் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்று, வெயில் படாமல் துண்டுக்கடியில் இருந்தது.

"எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கீங்களா?"

"அவங்க தனி. என் வீட்ல நானும் கடிகாரமும்தான். ரெண்டு பேர்ல அதுதான் கொஞ்சம் அதிகமாப் பேசும்."

அவளால் இப்போது சிரிக்க முடியவில்லை. அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னாள். "சார், நிஜமாத்தான் கேக்கறேன். சரியான காரணம் ஒண்ணு சொல்லுங்க. அப்படியே எழுதி மேல அனுப்பறேன். வேலையை நிறுத்தி வெச்சாலும் வைப்பாங்க."

பெரியவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். ஏதோ சொல்லத்தான் போனார்.

"தாத்தா...!"

மலைப்பாதையிலிருந்து புழுதி பறக்க ஓடிவந்த சிறுமி, கார்க் கதவைத் திறந்து அவர் மடியில் தாவி ஏறினாள். "மேல ஒரு குரங்கு என் தொப்பியைப் பிடுங்கிடுச்சு தாத்தா! அம்மா கத்தினாங்க. அப்பா பயந்து ஓடிட்டாரு!"

"உங்கப்பன் பூனைக்கே ஓடுவானே!" என்று வாய்விட்டுச் சிரித்தார் பெரியவர். ஐந்து நிமிடத்துக்கு முன் வெயிலில் நின்று மல்லுக்கட்டிய மனிதரா இவர் என்றிருந்தது இன்ஜினியருக்கு. பிஸ்கட் பிரிந்தது. பேத்தி அழுத்த, ஹாரன் அலறியது.

பின்னாலேயே வியர்வையைத் துடைத்தபடி வந்த மகன், முதல் வேலையாகக் காரின் கண்ணாடியைப் பார்த்தான். "சீட்டு ஒட்டலையே? அப்பாடா!" பிறகுதான் அவள் கையிலிருந்த நாடாவைக் கவனித்தான். "என்ன மேடம் அளக்கறீங்க?"

"பார்க்கிங் வரப்போகுது. அதுக்குத்தான்."

"நிஜமாவா?" அவன் முகமெல்லாம் பல். "கேட்டீங்களாப்பா? ஆள் உட்கார்ந்திருந்தா அபராதம் போட மாட்டாங்கன்னு வாரா வாரம் உங்களை இழுத்துட்டு வந்து இங்க காயப் போடறேன். எனக்கே மனசு கேக்கல. இனிமே நீங்க வரவே வேணாம்ப்பா, நிம்மதியா வீட்லயே இருக்கலாம்!"

இன்ஜினியர் பெரியவரையே பார்த்தாள். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள்.

"நல்லதாப் போச்சுடா. எனக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரே முதுகுவலி" என்றார் பெரியவர், பேத்தியை மடியிலிருந்து இறக்காமலே.