சம்பந்தி ஊற்றிய பாயசம்

யாருக்குப் பதவி உயர்வு என்பதை மணிக்கட்டுப் பட்டையே முடிவு செய்த காலம் அது. ஒரு சொட்டு இனிப்பு உள்ளே போனாலும் பட்டை சிவந்துவிடும், ஆள் அவுட். நாளை மேனேஜர் தேர்வு. இன்று கொழுந்தையாவின் மகள் கோமதிக்கு நிச்சயதார்த்தம். தேர்வில் அவருக்கு மிஞ்சிய ஒரே போட்டியாளர், மாப்பிள்ளையின் தகப்பனார் சிவசைலம். அவரே பாயசவாளியோடு பந்தியில் கொழுந்தையா முன் வந்து நின்றார்.

"எனக்கு வேண்டாமே."

"எங்க வீட்டு இனிப்பு வேண்டாங்கியளா? அப்ப பையனும் வேண்டாமோ?"

பந்தியே சாப்பிடுவதை நிறுத்தியது. கதவோரம் கோமதி அப்பாவையே பார்த்து நின்றாள். சிவசைலம் இலையில் ஊற்றிய பாயசத்தைக் கொழுந்தையா வழித்து விழுங்கினார். பட்டை சிவந்து வீறிட்டது.

"என்ன சம்பந்தி, கொசு கடிக்கோ?"

"கடிச்சிட்டு. இனி என்ன, இன்னொரு கரண்டி ஊத்துங்க."