மணிக்கட்டில் ஓர் அடி

“அக்காதான் அடிச்சா.”

எலும்பு டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “எதால?”

“புத்தகத்தால,” என்றாள் சின்னவள். வீங்கிய இடது கையை மடியில் கிடத்தியிருந்தாள், யாரோ கொடுத்துவிட்டுப் போன குழந்தையைப் போல.

அம்மா பெரியவளைத் திரும்பிப் பார்த்தாள். “நீயா?”

“ஆமாம்மா.”

“கை தவறி விழுந்துச்சுன்னு சொல்லு.”

“இல்லம்மா. அடிச்சேன்.”

அடித்தது ஒரு தடித்த அகராதியால். ஒரு கையால் தூக்க முடியாத கனம்.

இரண்டு பெண்களும் வயலின் வாசிப்பவர்கள். நகரத்தின் பெரிய வாத்தியக்குழுவில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. தொண்ணூறு பேர் வாசித்து, வடிகட்டி வடிகட்டி, மிஞ்சியது இரண்டு பேர். இரண்டு பேரும் ஒரே வீடு. இறுதித் தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது.

வயது வரம்பு முப்பது. பெரியவளுக்கு அடுத்த மாதம் முப்பது முடிகிறது. சின்னவளுக்கு இருபத்து நான்குதான்.

அக்கா ஏன் அடித்தாள் என்று கண்டுபிடிக்க யாருக்கும் அதிக நேரம் ஆகவில்லை.

டிக்கெட் பரிசோதகரான அப்பா, டியூட்டியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

“ஒரே வயித்துலதானே ரெண்டு பேரையும் சுமந்தேன்,” என்றாள் அம்மா, வீட்டுக்குள் நுழைந்ததும். “உனக்கு மட்டும் இவ்வளவு விஷம் எங்கேருந்துடி வந்துச்சு?”

பெரியவள் அப்பா பக்கம் திரும்பினாள். “அப்பா, உங்ககிட்ட தனியா ஒரு நிமிஷம்…”

“ஒண்ணும் வேண்டாம். நியாயம்னு ஒண்ணு இருக்கு இந்த வீட்டுல.” மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். “தேர்வுக்கு வரலைன்னு எழுதிக் கொடு.”

“எனக்கு இதுதான்பா கடைசி.”

“அடிக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.”

முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று இருபத்தெட்டு வருஷமாகப் பெருமை பேசுகிறவர். அன்று பெரியவளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

சின்னவள் கதவோரம் நின்றிருந்தாள். பெரியவள் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். சின்னவள் தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் எழுதினாள். இரண்டே வரி.

அப்பாவே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். மிஞ்சியது ஒரே ஆள் என்பதால், கை குணமாகட்டும் என்று குழுவும் தேர்வை இரண்டு மாதம் தள்ளி வைத்தது.

“இன்னுமா அவளை வீட்டுல வெச்சிருக்கே?” என்று போனில் கேட்டாள் பெரியம்மா. “சின்னவளோட இன்னொரு கையையாவது பூட்டி வை.”

அம்மாவுக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. அடுத்த வாரமே பெரியவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். வயலினை எடுத்துப் போகவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கட்டுப் பிரிக்கும் நாள். அப்பாவுக்கு டியூட்டி. அம்மாதான் சின்னவளைக் கூட்டி வந்தாள்.

டாக்டர் மணிக்கட்டை மெல்ல மடக்கினார். மேல்பக்கம் ஒரு மேடு எழுந்தது, கோலிக்குண்டு அளவுக்கு.

“மறுபடியும் வந்துடுச்சே,” என்றார்.

“என்ன டாக்டர் அது?”

“நீர்க்கட்டிம்மா. தந்தி வாத்தியம் வாசிக்கிறவங்க பல பேர் இதோட என்கிட்ட வர்றாங்க. ஆபத்தில்ல. ஆனா கனமான புத்தகத்தால ஒரு போடு போட்டா கரைஞ்சுடும்னு எவனோ கிளப்பி விட்டிருக்கான். கெஞ்சிக் கேட்டு அடி வாங்கிக்கிறாங்க. கட்டி உடையுதோ இல்லையோ, உங்க பொண்ணு மாதிரி எலும்பை உடைச்சுக்கிறாங்க.”

அம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. மகளைப் பார்த்தாள்.

“நான்தான்மா அடிக்கச் சொன்னேன்,” என்றாள் சின்னவள். “கையில கட்டின்னு தெரிஞ்சா குழுவுல எடுக்க மாட்டாங்க. அக்கா மூணு நாள் முடியவே முடியாதுன்னா. நான் காலைப் பிடிச்சேன்.”

“அப்புறம் ஏண்டி அன்னைக்கு அப்படிச் சொன்னே?”

“வலியில வந்துடுச்சு. அக்கா எனக்காகக் கட்டியைப் பத்தி மூச்சே விடல. அதுக்கப்புறம் எப்படிம்மா மாத்திச் சொல்றது?”



“பாவி… இது உங்கப்பா காதுல விழுந்தா என்ன ஆகும்? நியாயம் நியாயம்னு உயிரை விடுற மனுஷன். ஒரு தப்பும் பண்ணாத பொண்ணுக்கு இப்படிப் பண்ணிட்டோமேன்னு நொறுங்கிப் போயிடுவாரே.”

டாக்டர் வியப்போடு நிமிர்ந்தார்.

“ஏம்மா, அவருக்குத் தெரியுமே. முதல் நாளே நான் எல்லாத்தையும் விளக்கமா சொன்னேன். ‘இப்போதைக்கு வீட்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க டாக்டர், அந்த இடம் சின்னவளுக்குத்தான் கிடைக்கணும்’னு அவர்தான் என்னைக் கேட்டுக்கிட்டார்.”