சூடேறிய சாமி

அனல் பறந்த ஒரு மத்தியானத்தில் சகாயமேரி தன் முகத்துக்கு நேரே ஓடிய டேபிள் ஃபேனை, கொதித்துக்கொண்டிருந்த லேப்டாப் பக்கம் திருப்பிவிட்டாள்.

ஃபேன் ஆடிப்போய்விட்டது. கட்டிய புருஷன் கெஞ்சியும் அவள் விட்டுக்கொடுக்காத காற்றாயிற்றே!

"சாமி, நீங்க எந்தத் தெய்வம்?" என்று பயபக்தியோடு கேட்டது.

"தெய்வமாவது ஒண்ணாவது!" என்று லேப்டாப் பெருமூச்சு விட்டது. "விடிஞ்சதிலேருந்து என்னை மூடவே இல்லை. அதான் உடம்பு கொதிக்குது. கொஞ்ச நேரம் மூடி வச்சா தானா ஆறிடுவேன். இவ மூடணுமே!"

அந்த நேரம் சகாயமேரியின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை லேப்டாப்பின் மேல் விழுந்தது. அவள் பதறிப்போய் முந்தானையால் துடைத்தாள். நெற்றியை அல்ல, லேப்டாப்பை.

ஃபேனுக்கு மெய்சிலிர்த்தது. 'எந்தத் தெய்வம் தன் வாயால தான் தெய்வம்னு ஒத்துக்கிட்டிருக்கு!' என்று நினைத்துக்கொண்டு, இன்னும் பணிவாகக் காற்று வீசியது.