கருகல் வாடை

"மறுபடியும் கருகுது."

நாரிஸ் தன் இ-சிகரெட்டைக் கண்ணாடி மேசைமேல் டக்கென்று வைத்தார்.

ஒரே வாரத்தில் இது மூன்றாவது தடவை.

கடையில் இருந்த மற்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதுதான் கடைக்காரி கிளினிஸுக்குப் பயம். ஹார்ட்டில்பூல் இங்கிலாந்துக் கடலோரத்துச் சின்ன ஊர். ஒருவர் மதியம் சொன்னது சாயங்காலத்துக்குள் துறைமுகத்துப் பப்கள் எல்லாவற்றிலும் பேச்சாகிவிடும். எதிர்ச்சாரியில் வேறு போன மாதம் இன்னொரு இ-சிகரெட் கடை திறந்திருந்தார்கள்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க, நாரிஸ்."

"எதுக்கு மெதுவா? நாற்பது வருஷம் சிகரெட் குடிச்சவன் நான். அதுகூட இப்படி நாறினதில்லை. எங்கேருந்தும்மா இந்தப் போலிச் சரக்கை எல்லாம் பிடிக்கிறே?"

அந்த நாற்பது வருஷப் பழக்கத்தை மார்ச் மாதம் விட வைத்தவளே அவள்தான். முதல் வாரம் தினமும் வந்து கை நடுங்க நின்றவரை உட்காரவைத்துப் பேசி அனுப்பியிருக்கிறாள். அதெல்லாம் மறந்துபோயிற்று போலிருக்கிறது.

கருவியைக் கழற்றினாள்.

கருகல் ருசி வந்தால் காரணம் அநேகமாக ஒன்றுதான். உள்ளே சூடாகும் கம்பிச்சுருளைச் சுற்றியுள்ள பஞ்சு காய்ந்து தீய்ந்திருக்கும். பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

வெள்ளை வெளேரென்று இருந்தது. அவள் முந்தாநாள் போட்டது, போட்டபடியே.

இருந்தாலும் புதுச் சுருளை எடுத்தாள். பஞ்சின் ஒவ்வொரு துளையிலும் சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டாள். குப்பியை நிரப்பினாள். ஊறுவதற்கு ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தாள். சூட்டையும் இரண்டு படி குறைத்தாள்.

அந்த ஐந்து நிமிடமும் நாரிஸ் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"சீக்கிரம். மூணு மணிக்குப் பள்ளிக்கூட வாசல்ல பஸ் நிக்கணும்."

இருபது வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை என்பதில் அவருக்குப் பெருமை.

கிளினிஸ் தன்னுடைய வாய்க்குழலை மாட்டி ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். ராஸ்பெரிப் பழ ருசி. தித்திப்பாக, சுத்தமாக இருந்தது. அவருடைய குழலை மாட்டிக் கொடுத்தாள்.

அவர் இழுத்தார். முகம் சுளித்தார்.

"கருகுது."

பின்னால் நின்றவர்களில் ஒருத்தி கையிலிருந்த பாட்டிலை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டு வெளியே போனாள்.

கிளினிஸுக்கு ரத்தம் தலைக்கேறியது. எதிர்க்கடைக்காரன் அனுப்பியிருக்கிறான். இல்லை, கொடுத்த காசைத் திரும்ப வாங்க நாடகம் போடுகிறார். இரண்டில் ஒன்று.

"கொடுங்க. ஒரு நிமிஷம்."

மேசைக்கு அடியில் குனிந்தாள். வேண்டுமென்றே கொஞ்சம் சத்தம் எழுப்பினாள். நிமிர்ந்து, கருவியைத் துணியால் துடைத்து நீட்டினாள்.

"இப்போ பாருங்க. நல்லா இழுத்துப் பாருங்க."

சொல்லவேண்டிய வாக்கியம் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கடையில் மிச்சம் நின்ற ஒருவர் காதிலும் விழும்படி சொல்லப்போகிறாள்.

நாரிஸ் பொத்தானை அழுத்தி ஆழமாக இழுத்தார்.

அடுத்த நொடி குமட்டிக்கொண்டு வந்தது அவருக்கு. கைக்குட்டையில் துப்பினார். கண்களில் நீர் கோத்துக்கொண்டது. மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்முட்டிகள் வெளுத்திருந்தன.

"அதேதான். முன்னைவிட மோசம். ரப்பரைக் கொளுத்தினாப்பல."

அது நடிப்பில்லை.

கிளினிஸ் சொல்ல வைத்திருந்த வாக்கியம் அப்படியே நின்றுபோனது.

"நாரிஸ்," என்றாள், குரலைத் தாழ்த்தி. "இதைப் பிடிக்காதப்போகூட இந்த வாடை வருதா?"

"வராம? டீ குடிச்சா வருது. பல் விளக்கினா வருது. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரி என்னைக் கட்டிப் பிடிச்சா, அவ தலைமுடிகூடக் கருகுது. எல்லாம் உன் புண்ணியம்தான்." கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, விடு. நான் கிளம்பணும்."

மேசைமேல் கிடந்த பேருந்துச் சாவியை எடுக்கக் கை நீட்டினார்.

அவர் எடுப்பதற்குள் கிளினிஸ் சாவியின்மேல் தன் கையை வைத்துவிட்டாள்.

"இன்னைக்கு நீங்க வண்டி எடுக்கவேணாம்."

"என்ன விளையாட்டு இது? நாற்பத்திரெண்டு பிள்ளைங்க நிக்கும். கையை எடும்மா."

அவள் கையை எடுக்கவில்லை. இன்னொரு கையை மேலங்கிப் பைக்குள் விட்டு, எதையோ எடுத்து அவர் முன்னால் வைத்தாள். விரல் பருமனில் ஒரு பேட்டரி. கண்ணாடியில் உருண்டு, அவர் கைக்குட்டையில் முட்டி நின்றது.

"உங்களுதுதான். நான் குனிஞ்சப்போ கழட்டிட்டேன். பொய் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

நாரிஸ் பேட்டரியைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த கருவியைப் பார்த்தார். அது பாதிக்கு மேல் கனம் குறைந்திருந்ததை அப்போதுதான் உணர்ந்தார் போல, மேலும் கீழுமாக ஒருமுறை அசைத்தார். பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்தார்.

உள்ளே காலி.

வெறும் காற்றைத்தான் இழுத்திருக்கிறார்.

"இல்லாத வாடை வர்றது மூளைக் கோளாறா இருக்கலாம், நாரிஸ். ஓட்டும்போது வலிப்பு வந்துட்டா?" வெளியே கடற்பறவை ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

சாவியை நோக்கி நீண்டிருந்த கையை நாரிஸ் மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதே கையால் தொலைபேசியை எடுத்தார். எண்களை இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். மூன்றாவது தடவை பேருந்து நிலையத்துக்கு மணி போயிற்று.

"நாரிஸ் பேசுறேன். மூணு மணி வண்டிக்கு வேற ஆளை அனுப்புங்க."

மறுமுனையில் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

அவர் கிளினிஸைப் பார்த்தார். அவள் அதற்குள் மேலங்கியைக் கழற்றிவிட்டு, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தன் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.